ஹோபர்ட் காம்ப்ஸின் பன்னிரண்டு அம்சப் பட்டியல்

"பிடியே சரியில்லய்யா! கையில நிக்க மாட்டேங்குது!"

"அட்டையில வெட்டினது எப்படிய்யா கையில நிக்கும்?"

"அப்ப எதுக்கு அட்டையைக் கொண்டாந்து கையில குடுத்து, பிடி எப்படி இருக்குன்னு கேக்குறீங்க?"

"நிஜத்தைக் கொண்டாந்தா என்னைப் புடிச்சு உள்ள போடுவான் பிரதர்! வாசல்ல போர்டு மாட்டியிருக்கே, கண்ணு தெரியலயா?"

மனித குலம் தன் நீண்ட பயணத்தில் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் "மலிவு விலையில் செமி ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கி வாங்குமுன் கவனிக்க வேண்டிய பன்னிரண்டு அம்சங்கள்" என்ற பட்டியலைக் கண்டுபிடிக்கும் பாக்கியம் கெண்டகி மலைப்பக்கத்திலுள்ள எங்கள் ஸ்பர்லாக் கிரீக்குக்கே வாய்த்தது. அது பிறந்த இடம் ஆரம்பப் பள்ளியின் உணவுக்கூடம். பிறந்த நேரம் செவ்வாய்க்கிழமை மூன்றரை மணி, பள்ளிப் பேருந்துகள் கிளம்பிப் போன கையோடு. மேலே கேட்ட கூச்சல் அதன் பிரசவ வேதனை.

அட்டைத் துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி வளாகத்துக்குள் ஆயுதம் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். எங்கள் ஊர்க்காரர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். எனவே ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆர்வில் ஸ்லோன், துப்பாக்கிக் கம்பெனியின் விலைப்பட்டியலில் இருந்த படத்தை அப்படியே ஒரு பீட்சா டப்பாவின் மேல் வைத்து வரைந்து, கத்தரித்து, கறுப்பு மை பூசிக் கொண்டுவந்திருந்தார். விசைப் பக்கம் கொஞ்சம் சீஸ் ஒட்டியிருந்தது. மற்றபடி அசல்.

கூடியிருந்தது "பள்ளிப் பாதுகாப்பு நிதிக் குழு". தலைவர், ஹோபர்ட் காம்ப்ஸ். ஊரில் ஒரே ஒரு துப்பாக்கிக் கடை; அது அவருடையது. தன்னார்வத் தீயணைப்புப் படைக்கும் அவரே தலைவர். ஆக, எரிந்தாலும் வெடித்தாலும் அவரிடம்தான் போக வேண்டும். உறுப்பினர்கள் ஆர்வில், தலைமையாசிரியை மிசஸ் ராட்லிஃப், எதிரே உள்ள பாப்டிஸ்ட் சபையின் பாஸ்டர். இவர்களுக்கு ஓட்டு உண்டு. ஓட்டு இல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதியவள் வெர்லீன். பள்ளிச் சமையல்காரி. கையெழுத்து அழகாக இருக்கும். காபியும் அவள்தான் போட வேண்டும்.

நோக்கம் உன்னதமானது. வகுப்பறை ஆறுக்கும் குண்டு துளைக்காத வெள்ளைப் பலகை மாட்ட வேண்டும். சாதாரண நாட்களில் அதில் கூட்டல் கழித்தல் போடலாம். யாராவது துப்பாக்கியோடு நுழைந்துவிட்டால் டீச்சர் அதைச் சுவரிலிருந்து கழற்றிக் கேடயமாகப் பிடித்துக்கொள்ளலாம். இதற்குப் பணம் திரட்ட என்ன வழி என்று குழு மூன்று கூட்டங்களில் யோசித்தது. கேக் விற்கலாம் என்று மிசஸ் ராட்லிஃப் சொன்னார். கேக்குக்கு யார் காசு தருவார்கள் என்று சிரித்தார்கள். இறுதியில், எங்கள் பக்கத்தில் தீயணைப்பு வண்டிக்கும் பள்ளி பேண்டு வாத்தியத்துக்கும் சபைக் கூரைக்கும் காலம்காலமாகச் செய்வதையே இதற்கும் செய்வதென்று முடிவாயிற்று. குலுக்கல். பரிசு, ஒரு கைத்துப்பாக்கி.

துப்பாக்கியிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றத் துப்பாக்கியையே பரிசாகக் கொடுப்பது என்ற இந்தச் சுழற்சியின் அழகு வேறு நாட்டாருக்குச் சட்டென்று பிடிபடாது.

"பணம் பலகைக்குப் போகணும், துப்பாக்கிக்குப் போகக் கூடாது. அதனால மலிவா ஒண்ணு வாங்கணும். ஆனா மலிவுன்னு ஏதோ ஒண்ணைத் தலையில கட்டினா ஊர் நம்மளச் சும்மா விடாது. அதுக்குத்தான் இந்தப் பட்டியல்" என்றார் ஹோபர்ட். எழுந்து நின்றுதான் சொன்னார். முக்கியமான எதையும் அவர் உட்கார்ந்து சொல்ல மாட்டார்.

பட்டியல் வளர்ந்தது. முதல் அம்சம், பிடி. இரண்டு, எடை. மூன்று, விசை, பஞ்சு மாதிரியும் இருக்கக் கூடாது, பாறை மாதிரியும் இருக்கக் கூடாது. நான்காவது, ஸ்லைடு, அதாவது சுடுவதற்கு முன்னால் பின்னுக்கு இழுத்து விடுகிற மேல்பாகம்.

"மலிவு துப்பாக்கியில ஸ்லைடு இறுக்கமா இருக்கும். அதனால, வாங்குறவரு தன் கையாலயே இழுத்துப் பாக்கணும். இழுக்க முடியலன்னா குடுக்கக் கூடாது. இதுல சமரசமே கிடையாது. எழுதும்மா வெர்லீன், 'சமரசமே கிடையாது'ன்னு."

வெர்லீன் எழுதினாள். அடிக்கோடும் போட்டாள்.

அப்புறம் குறிமுள், கூடுதல் தோட்டாக்கூடு கிடைக்குமா, உறை பொருந்துமா, உதிரி பாகம், உத்தரவாதம், கழற்றிச் சுத்தம் செய்வது. ஏழாவது அம்சத்தில் ஹோபர்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஜெபத்துக்கு முன்னால் பாஸ்டர் தாழ்த்துவாரே, அப்படி. "சிக்கல். மலிவு சாமானோட சாபமே இதான். சுடும்போது தோட்டா உள்ளேயே மாட்டிக்கும். அவசரத்துக்கு அமுக்கினா 'டிக்'குங்கும், அவ்வளவுதான். இருநூறு தோட்டா சுட்டுப் பாக்கணும். ஒண்ணு சிக்கினாலும் திருப்பி அனுப்பிடணும்."

பன்னிரண்டாவது அம்சம் ஆர்வில் ஸ்லோனின் மூளையில் உதித்தது. நாற்பது வருடம் இன்சூரன்ஸ் விற்ற மூளை. "இந்தப் பலகை கைத்துப்பாக்கித் தோட்டா வரைக்கும்தான் தாங்கும்னு பலகைக் கம்பெனிக்காரன் சொன்னான். அதுலயும் பெரிய தோட்டான்னா உத்தரவாதம் இல்லையாம். அதனால நம்ம குடுக்கிற துப்பாக்கி, நம்ம பலகையைத் துளைக்காததா இருக்கணும். அது ஒரு நாணயம் பாருங்க."

மிசஸ் ராட்லிஃபுக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளைங்க மேல உங்களுக்கு இருக்கிற அக்கறை..." என்று ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வெர்லீனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும் கூட்டத்தில் கேள்வி கேட்பாள்.

"சேர்மன், ஒண்ணு கேக்கலாமா? யாரு கைக்குப் போகுதுன்னு பாக்க வேண்டாமா?"

"என்னது?"

"துப்பாக்கியைச் சரி பாக்குறீங்க. வாங்குற ஆளை யாரு பாக்குறது? பதிமூணாவதா போடலாமே." கேட்கும்போதே அதை எழுதியும் விட்டாள்.

ஹோபர்ட் அவளை வாஞ்சையாகப் பார்த்தார். கணக்கில் தப்பு செய்த பிள்ளையைப் பார்ப்பதுபோல. "ஏம்மா, தலைப்பைப் படி. 'துப்பாக்கி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை.' வாங்குறவரைக் கவனிக்க வேண்டியவைன்னா போட்டிருக்கு? பட்டியல் துப்பாக்கிக்கும்மா. மனுஷனைப் பாக்கத்தான் கவர்மென்ட் ஒரு ஃபாரம் வச்சிருக்குல்ல? என் கடையிலதான் அதை எழுதுவாங்க. நாலு நிமிஷத்துல பதில் வந்துரும்."

"நீ எழுதின பதிமூணை அடிச்சிரு, சிஸ்டர்" என்றார் ஆர்வில். "பன்னெண்டுதான் கேக்க அம்சமா இருக்கு. அப்போஸ்தலரும் பன்னெண்டு பேருதான்."

பாஸ்டர் தலையசைத்தார். வெர்லீன் அடித்தாள். ஒரே ஒரு கோடு, மெல்லிசாக. அடியில் இருந்ததை யாரும் படிக்கலாம்.

இவள் ஏன் இப்படிக் குறுக்கே விழுந்தாள் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் யாரும் பேசுவதில்லை, அது நாகரிகம். போன நவம்பரில் அவள் புருஷன் லோனி ஹேகர் அவளுடைய இடது மணிக்கட்டைக் காரின் கதவில் வைத்து நசுக்கினான். கதவு தானாக மூடிக்கொண்டது என்றான். இரண்டு தடவை மூடிக்கொண்டதாம். நீதிமன்றம் மூன்று வருடத்துக்கு ஒரு உத்தரவு போட்டது. லோனி அவளுக்கு இருநூறு அடிக்குள் வரக் கூடாது. துப்பாக்கி எதுவும் வைத்திருக்கக் கூடாது. வீட்டிலிருந்த நான்கு துப்பாக்கியையும் ஷெரிஃப் ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். அன்று லோனி கண்ணீர்விட்டதைப் பார்த்தவர்கள் உண்டு. மணிக்கட்டுக்கு விடாத கண்ணீர்.

வெர்லீன் அந்த உத்தரவை லேமினேட் செய்து கைப்பையில் வைத்திருந்தாள். லோனி அவன் அம்மா ஆர்டித் வீட்டில் போய் இருந்தான். குலுக்கல் செய்தி வந்த வாரமே, ஆர்டித் ஹேகர் பெயரில் நாற்பது சீட்டு வாங்கப்பட்டிருந்தது. ஆர்டித்துக்கு வயது எழுபத்தெட்டு. இரண்டு கண்ணிலும் புரை. விரலெல்லாம் முடக்குவாதம். தேவாலயத்துக்கு வெளியே எந்தக் காரியத்திலும் அவர் ஒரு சீட்டு வாங்கி ஊர் பார்த்ததில்லை.

சீட்டுப் புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்த நாளிலிருந்து வெர்லீனுக்கு ஒரே நம்பிக்கைதான் மிச்சம் இருந்தது. ஹோபர்ட்டின் பட்டியல்.

சனிக்கிழமை காலை ஏழாவது அம்சம் அரங்கேறியது. ஹோபர்ட் கடைக்குப் பின்னால் ஜல்லிக் குழி. துப்பாக்கி வந்துவிட்டிருந்தது, அட்டை அல்ல, அசல். ஊரே மடக்கு நாற்காலியும் ஐஸ் பெட்டியுமாகத் திரண்டது. ஹோபர்ட் சுட்டார், ஆர்வில் எண்ணினார், வெர்லீன் நோட்டில் கோடு போட்டாள்.

அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் செய்கிறாள் என்று பாஸ்டர் பெருமைப்பட்டார். ஜெபம்தான். 'ஒண்ணே ஒண்ணு சிக்கட்டும், ஆண்டவரே' என்று. ஒன்று சிக்கினால் திருப்பி அனுப்ப வேண்டும் என்று இவர்களே எழுதியிருக்கிறார்கள். அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். நூறு வரை சிக்கவில்லை. நூற்றைம்பது வரை சிக்கவில்லை. சுட்ட இறைச்சி வாசனையைவிட வெடிமருந்து வாசனை தூக்கலாக இருந்தது. நூற்றுத் தொண்ணூற்றேழில் ஹோபர்ட் ஒரு கணம் நிறுத்தினார். சிக்கிவிட்டது என்று வெர்லீன் பென்சிலை நோட்டிலிருந்து எடுத்துவிட்டாள்.

அவர் தும்மினார். மறுபடி சுட்டார்.

"இருநூறு!" என்று கத்தினார் ஆர்வில். கைதட்டல். "ஆனா ஒண்ணு சொல்றேன் சேர்மன், இந்த விலைக்கு ஒரு தடவையாவது சிக்கியிருக்கணும். எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு."

"அதான்யா தேர்ந்தெடுக்கத் தெரியணும்கிறது" என்றார் ஹோபர்ட். கடையின் முத்திரைத் தாளை வரவழைத்து, கார் பானெட்டின் மேல் வைத்து, "இருநூறு தோட்டா, சிக்கல் ஏதுமில்லை, என் சொந்தப் பொறுப்பில் உறுதி கூறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் வெர்லீன் கையெழுத்துப் போட்டாள். எழுத்து அழகாக இருந்ததால் அவளைத்தான் போடச் சொன்னார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து குலுக்கல் நடந்தது. பள்ளிக்கு எதிரே, சபையின் வண்டி நிறுத்தத்தில். துப்பாக்கியைப் பள்ளிக்குள் வைக்க முடியாதே. பீன்ஸும் சோள ரொட்டியும் வெர்லீன் சமையல். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு சீட்டுகள் போட்டிருந்த பீப்பாய்க்குள் கைவிட்டார். கடவுளின் சித்தம் என்று சொல்லி ஒரு சீட்டை எடுத்தார்.

"ஆர்டித் ஹேகர்!"

கடவுளின் சித்தத்துக்கு நாற்பது சீட்டின் உதவி இருந்தது.

ரோட்டின் கோடியில், தபால் பெட்டி பக்கத்தில் நின்றிருந்த ஒருவன் தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். லோனி. இருநூறு அடிக்கு இரண்டடி தள்ளியே நின்றான். அளந்து வைத்திருந்தான். "பாத்தீங்களா, எவ்வளவு ஒழுங்கா நிக்கிறான்" என்று ஊர் அவனைப் பாராட்டியது.

பரிசை ஒப்படைக்கும் விழா திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு ஹோபர்ட் கடையில். குழு முழுவதும் வர வேண்டும். மினிட்ஸ் எழுதவும் ஆள் வேண்டும். இங்கேதான் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. ஆர்டித்துக்குக் கண் தெரியாது, அவரை அழைத்துவர லோனி வேண்டும். லோனி வந்தால் வெர்லீனுக்கு அருகில் வந்ததாகிவிடும். குற்றம். குழு இதைக் கூர்ந்து ஆராய்ந்தது.

"ஏம்மா வெர்லீன், நீ கொஞ்சம் வெளியில நின்னுக்கோயேன்" என்றார் ஹோபர்ட். "அவன் சட்டத்தை மீறிடக் கூடாது பாரு."

"நான் வெளியிலயா? உத்தரவு அவனுக்குத்தானே சேர்மன்?"

"அடி கணக்கு ரெண்டு பக்கத்துலேருந்தும் ஒண்ணுதானே?" என்றார் ஆர்வில். பிறகு அவரே கடை வாசலிலிருந்து நீளமாகக் கால் வைத்து நடந்து எண்ணி, ஜல்லித் தரையின் கோடியில் ஐஸ் விற்கும் பெட்டிக்குப் பக்கத்தில் செருப்பால் ஒரு கோடு கிழித்தார். "இதுக்கு இந்தப் பக்கம் வராத, சிஸ்டர். எதுவும் முக்கியமா நடந்தா நான் கத்திச் சொல்றேன், எழுதிக்கோ."

ஆக, அடி வாங்கியவள் கோட்டுக்கு வெளியே நின்றாள். லோனி அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். சட்டம் காப்பாற்றப்பட்டது.

கடைக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெர்லீனுக்கு எல்லாம் தெரிந்தது. கல்லாவில் ஹோபர்ட்டின் மகள் மர்லா. முப்பது வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, கெட்டிக்காரி. அவள்தான் ஃபாரத்தைப் படித்துக் காட்டினாள். என்ன பேசினார்கள் என்பது பிறகு ஊர் முழுக்கப் பரவியது. சொன்னவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

"மிசஸ் ஹேகர், இந்தத் துப்பாக்கி உங்களுக்குத்தானா, வேற யாருக்காவது வாங்குறீங்களா?"

ஆர்டித் மகன் பக்கம் திரும்பினார். "லோனி, இது எனக்கா?"

"உனக்குத்தான் மம்மா."

"எனக்குத்தானாம்."

மர்லா பெட்டியில் டிக் அடித்தாள். "யாரையாவது அடிச்சதுக்கு, மிரட்டினதுக்கு உங்க மேல கோர்ட் உத்தரவு ஏதாவது இருக்கா?"

"என் மேலயா? ஐயோ, இல்லம்மா. அது இவன் மேல."

எல்லோரும் சிரித்தார்கள். லோனியும் சிரித்தான். மர்லா 'இல்லை' என்ற பெட்டியில் டிக் அடித்தாள். கேள்வி ஆர்டித்தைப் பற்றித்தானே. நாலு நிமிடம்கூட ஆகவில்லை, சம்மதம் வந்துவிட்டது. எழுபத்தெட்டு வருடத்தில் ஒரு அபராதச் சீட்டுகூட வாங்காத கிழவி. கார் ஓட்டத் தெரியாது.

பிறகு பட்டியல். ஹோபர்ட் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். பிடி. ஆர்டித் இரண்டு கையாலும் பிடித்தார், பூனைக்குட்டியைப் பிடிப்பதுபோல. சரி. எடை. "கனமா இருக்கு." சரி. விசை. விரலை லோனி எடுத்து வைத்தான். சரி. நான்காவது அம்சம், ஸ்லைடு.

ஆர்டித் இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். விரல்கள் வளைந்தபடியே நின்றன. "வரலப்பா. எனக்கு ஊறுகாய் பாட்டில் மூடியே திறக்க வராது."

ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவள் இதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மினிட்ஸ் நோட்டைத் திறந்து, அடிக்கோடு போட்ட வரியைப் பார்த்தாள். கோட்டைத் தாண்டினாள். நேராக நடந்து, கதவைத் தள்ளி, உள்ளே வந்து நோட்டை ஹோபர்ட் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நாலு. 'வாங்குபவர் தன் கையாலேயே இழுக்க வேண்டும். இழுக்க முடியாவிட்டால் கொடுக்கக் கூடாது. சமரசமே கிடையாது.' நீங்க சொன்னது சேர்மன், வார்த்தைக்கு வார்த்தை."

லோனிதான் முதலில் வாயைத் திறந்தான். மெதுவாக, மரியாதையாக.

"எல்லாரும் பாத்துக்கிட்டீங்கல்ல? நான் இருந்த இடத்துலதான் இருக்கேன். இப்ப யாரு நெருங்கி வந்தது?"

"அதானே!" என்றார் ஆர்வில். "சிஸ்டர், கோடு போட்டுக் குடுத்தும் வர்றியே!"

வெர்லீன் கைப்பையிலிருந்து லேமினேட் செய்த தாளை எடுத்துக் கல்லா மேல் வைத்தாள். "அவனுக்குத் துப்பாக்கி கூடாதுன்னு இதுல இருக்கு. படிங்க."

"அவன் எங்கே வாங்குறான்? அவங்கம்மா வாங்குறாங்க" என்றார் ஹோபர்ட். "இது புருஷன் பொண்டாட்டி விவகாரம். குழு குடும்ப விஷயத்துல தலையிடாது."

"சரி. அது வேண்டாம். உங்க பட்டியலையே பாருங்க. நாலாவதுல அந்தம்மா தேறல. நீங்க எழுதினதுதானே?"

ஒப்புக்கொள்ள வேண்டும், ஹோபர்ட் தடுமாறினார். பட்டியல் அவருக்கு உயிர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு நிமிடம், வெர்லீனின் வாழ்க்கையில் மிக நீளமான ஒரு நிமிடம், அந்தத் துப்பாக்கி கல்லா மேல் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது.

"ஒரு திருத்தம் கொண்டாரலாமே" என்றார் பாஸ்டர்.

அங்கேயே அவசரக் கூட்டம் கூடியது. நாலாவது அம்சத்தில் "வாங்குபவர்" என்ற சொல்லுக்குப் பின்னால் "அல்லது அவருடன் ஒரே வீட்டில் வசிக்கும் பலசாலியான உறவினர்" என்று சேர்க்க ஆர்வில் முன்மொழிந்தார். மிசஸ் ராட்லிஃப் வழிமொழிந்தார். அவருக்குப் பலகை மாட்டுகிறவன் மறுநாள் வருவதாக இருந்தது. நாலுக்குப் பூஜ்யம். வெர்லீனுக்கு ஓட்டு இல்லை.

"எழுதிக்கோம்மா" என்றார் ஹோபர்ட்.

லோனி துப்பாக்கியை எடுத்தான். ஒரே இழுப்பு. சளக். கை தட்டினார்கள். பிடி அவன் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது என்று ஆர்வில் வியந்தார். மிச்சமிருந்த எட்டு அம்சத்தையும் அவனே சோதித்தான். கழற்றினான், துடைத்தான், மாட்டினான். கழற்றும்போது ஸ்லைடின் எண்ணெயைத் தன் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, அம்மாவின் கையையும் துடைத்துவிட்டான்.

"அம்மாவை எவ்வளவு அன்பா பாத்துக்கிறாரு, இல்லப்பா?" என்றாள் மர்லா.

வெர்லீன் ஷெரிஃப் ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த டெபுடி ஷெரிஃப் அவளை உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டு, ஆர்டித் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். "அது அவங்கம்மா துப்பாக்கி. அவங்கம்மா வீட்டு மேஜை டிராயர்ல இருக்கு. டிராயரைத் திறக்கிறது யாருன்னு நான் போய் உக்காந்து பாக்க முடியுமாம்மா?" என்றார். நியாயமான கேள்வி. பிறகு, சாலையில் வண்டி ஓட்டும்போது பின்னால் பார்த்து ஓட்டச் சொன்னார்.

அவள் பார்த்தாள். பின்னால் இருநூற்றிரண்டு அடி தூரத்தில் ஒரு வண்டி வந்தது. மறுநாளும் வந்தது. அந்த வாரமே மினிட்ஸ் நோட்டை ஹோபர்ட்டிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பெட்டியோடு ஒஹாயோவில் டேட்டனுக்குக் குடிபோய்விட்டாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. குழு அவளுக்கு நன்றித் தீர்மானம் போட்டது. பள்ளியில் பலகைகள் மாட்டியாயிற்று. பிள்ளைகள் அதில் பூ வரைகிறார்கள்.

ஊரைவிட்டுப் போனவள் ஊரை நினைத்துக்கொண்டிருப்பாளா? அவளுக்கும் லோனிக்கும் விவாகரத்து ஆயிற்று. அடுத்த இலையுதிர் காலத்தில் லோனிக்கும் மர்லா காம்ப்ஸுக்கும் கல்யாணம். ஹோபர்ட் எழுந்து நின்று பேசினார். "ஒரு மனுஷனை எடைபோட எங்கிட்ட ஒரு வழி இருக்கு. அவன் துப்பாக்கியைப் பாப்பேன். லோனி வீட்டுல போய்ப் பாத்தேன். அவங்கம்மா துப்பாக்கியை அவ்வளவு சுத்தமா வச்சிருக்கான்!" எல்லோரும் கோப்பையை உயர்த்திக் குடித்தார்கள். ஆர்வில் அழுதார்.

ஒன்றரை வருடம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டேட்டனில் வெர்லீனின் போன் அடித்தது.

"வெர்லீன்? நான்தான். ஹோபர்ட்."

"சொல்லுங்க சேர்மன்."

"நல்லா இருக்கியாம்மா? ...அந்த மினிட்ஸ் நோட்டைப் பாத்துக்கிட்டிருந்தேன். பதிமூணுன்னு ஒண்ணு அடிச்சிருக்க. அடியில இருக்கிறது தெளிவா தெரியுது."

"தெரியணும்னுதான் அப்படி அடிச்சேன்."

அவர் உட்கார்ந்து பேசுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

"மர்லா எப்படி இருக்கா?" என்று அவளே கேட்டாள்.

"அந்தப் பேப்பரு... கோர்ட்டுல எந்த ஜன்னல்ல குடுப்பாங்க?"

"மாடியில, இடது பக்கம் கடைசி. வாங்கினதும் லேமினேட் பண்ணிக்கச் சொல்லுங்க. நெறைய பேருகிட்ட எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்."

"டெபுடி வந்து பாத்தான்மா. அது ஆர்டித் துப்பாக்கி, ஆர்டித் டிராயர்ல இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

"ஆமா. அப்படித்தான் சொல்வாங்க."

பிறகு ஸ்பர்லாக் கிரீக்கின் மாபெரும் நிபுணர், ஐம்பது மைல் சுற்றளவில் யார் துப்பாக்கி வாங்கினாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள், அப்படிப்பட்டவர், சின்னக் குரலில் ஒரு சந்தேகம் கேட்டார்.

"வெர்லீன்... அது மலிவு சாமான்தானேம்மா? அவசரத்துல சிக்கும்ல? சிக்க வாய்ப்பு இருக்குல்ல?"

வெர்லீன் யோசிக்கவில்லை.

"இருநூறு தோட்டா, சேர்மன். நான்தான் கோடு போட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

அந்த வாரமே பதிமூன்றாவது அம்சத்தைச் சேர்க்க ஹோபர்ட் குழுவைக் கூட்டினார். ஆர்வில் பட்டியலை அவர் பக்கம் திருப்பி வைத்து, "தலைப்பைப் படிங்க சேர்மன். பட்டியல் துப்பாக்கிக்கு" என்றார். ஒன்றுக்கு மூன்று. தீர்மானம் தோற்றது.

மே மாதத்தில் மர்லா ஒரே பையோடு பஸ் ஏறி டேட்டனுக்குப் போய்விட்டாள். வெர்லீன் வீட்டு முன்னறையில் இருக்கிறாளாம். இடது கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லையாம். ஹோபர்ட் கடையைப் பூட்டிவிட்டு மகளைப் பார்க்கப் போனவர், அங்கேயே வீடு தேடிக்கொண்டிருக்கிறார். ஆர்டித் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். டிராயர் லோனியிடம் இருக்கிறது. அவனுக்கு அடுத்த மாவட்டத்தில் ஒரு பெண் நிச்சயமாகியிருக்கிறது; பள்ளிக்கூட டீச்சர், நல்ல இடம். அவளுடைய வகுப்பறையிலும் நம் பலகைதான்.

துப்பாக்கி முதல்தரமான நிலையில் இருக்கிறது. இதுவரை ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. கவனிக்க வேண்டியதையெல்லாம் கவனித்துவிட்டுத்தான் நாங்கள் கொடுத்தோம்.